வாசலோரம் இரண்டு பைகள்

பதினைந்து வயதில் நான் ஷூ போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். திருச்சி காட்டூரில் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எனக்கென்று வாங்கிய புது பெட்ஷீட்டெல்லாம் அழுக்கானது. அவரே வாரம் இரண்டு தடவை ஷூவைக் கழுவி வைத்தார்.

நாங்கள் மணிப்பூரில், பர்மா எல்லையோரம், மூன்று தலைமுறையாக இட்லி சாப்பிட்டு வந்த தமிழர்கள். துப்பாக்கிச் சண்டையில் எங்கள் தெரு எரிந்தபோது கட்டிய துணியோடு ஓடினோம். கடை மட்டும் தப்பியதால் அப்பாவும் அம்மாவும் அங்கேயே தங்கிவிட்டு, என்னைத் திருச்சிக்கு அனுப்பினார்கள்.

வந்த அன்றே வாசல் கதவோரம் ஒரு பையைக் கட்டி வைத்தேன். கடையில் இருந்ததால் தப்பிய மார்க் ஷீட், ஆதார், கூடவே டார்ச், பிஸ்கட், ஒரு செட் துணி. அதைத் தொட்டுப் பார்த்தால்தான் தூக்கம் வரும். அதுவும் கோழித்தூக்கம். எதிர்க்கடையில் ஷட்டரை இழுத்தால் போதும், எழுந்து நின்றுவிடுவேன்.

சனிக்கிழமைதோறும் அத்தை என்னை ஸ்ரீரங்கத்தில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப்போனார். யாராவது கேட்டால், "கோயிலுக்குப் போயிட்டு வரோம்" என்பார். அவ்வளவுதான், பக்கத்து வீட்டம்மா துளசி மாலை கொடுத்தனுப்ப ஆரம்பித்துவிட்டார். பொய்யைக் காப்பாற்ற, டாக்டரைப் பார்த்த கையோடு க்யூவில் நின்று பெருமாளையும் பார்க்க வேண்டியதாயிற்று.

"அந்தப் பைய யாரும் எடுக்காதீங்க. அவளா எடுக்கட்டும்" என்றார் டாக்டர்.

அத்தைக்கா பொறுமை? ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தால், என் பை துவைத்துக் கொடியில் தொங்குகிறது. உள்ளே இருந்ததெல்லாம் பீரோவுக்குள்.

"இப்ப ஓடணும்னா எதை எடுத்துட்டு ஓடுவேன்?" என்று நான் போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது. தட்டை வீசினேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அத்தை அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஈரப்பையில் திணித்துக் கொடுத்தார்.

மறுநாள் என் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பை இருந்தது. ஜவுளிக்கடைக் கட்டைப்பை. திறந்து பார்த்தேன். பிரஷர் மாத்திரை, ஒரு புடவை, காபிப்பொடி, பித்தளை ஃபில்டர்.

"இது எதுக்கு அத்தை?"

"நீ ஓடிட்டா நான் மட்டும் இங்க என்னடி பண்றது? நானும் வரேன். ஆனா காபி இல்லாம என்னால ஒரு அடி ஓட முடியாது, சொல்லிட்டேன்."

ஊரை விட்டு வந்தபின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஒரே சிக்கல், வீட்டில் இருந்ததே அந்த ஒரு ஃபில்டர்தான். தினமும் காலையில் பையிலிருந்து எடுத்து, சாயங்காலம் கழுவித் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாதக்கணக்கில் செய்தேன். ஷூ எப்போது கழன்றது என்று நினைவில்லை. பிஸ்கட்டை எறும்பு தின்றது. வேறு வாங்கி வைக்கவில்லை.

பிளஸ் ஒன் பரீட்சை சமயம், ஒரு சாயங்காலம், அத்தை தன் பைக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"ஃபில்டர் எங்கடி?"

"அடுப்பு மேடையிலேயே இருக்கட்டும் அத்தை. காலையில வேணும்ல."