ராஜேஸ்வரி அக்கா வார்த்த மாவுக்கட்டு

எலும்பு டாக்டரிடம் வேலை பார்த்தால் ஒரு சங்கடம் உண்டு: கல்யாண வீட்டுக்குப் போனாலும் எதிரில் வருகிறவர்கள் வணக்கம் சொல்லக் கையை எடுக்க மாட்டார்கள், இங்கே வலிக்கிறது என்று காட்டத்தான் நீட்டுவார்கள். விருத்தாசலத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் போடுவது, மெழுகு உருக்கி ஒத்தடம் கொடுப்பது, மாவுக்கட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது எல்லாம் என் வேலை. செல்போன் அப்போதுதான் ஊருக்குள் பரவிக்கொண்டிருந்தது. வீட்டில் எனக்குப் பத்து மாதப் பிள்ளை. இடுப்பில் பிள்ளையோடு இதைப் படிக்கிற அம்மாக்களே, முதலில் அவனை இறக்கிவிட்டு உட்காருங்கள். இது உங்கள் கையைப் பற்றிய கதைதான்.

பெஞ்சு முழுக்கப் பரீட்சை

கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு வலித்தால் டாக்டர் ஒரு சோதனை செய்வார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொல்வார். அங்கே ஓடுகிற தசைநாண் வீங்கியிருந்தால் வலியில் உயிர் போகும். (தசைநாண் என்பது டாக்டர் வார்த்தை. எங்கள் ஊரில் எல்லாமே நரம்புதான்.) ஒருநாள் அறைக்கதவு திறந்திருந்ததால், வெளிப்பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரும் உள்ளே நடப்பதைப் பார்த்து முஷ்டியை மடக்கிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டிவலிக்காகத் திட்டக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, வரும்போது முட்டி மட்டுந்தான் வலிச்சுது. இப்ப கையும் வலிக்குது, இன்னொரு டோக்கன் போடு."

வெங்காயம் உரிக்காமலே

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்தபடி பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். பாதியில் வலது கை சுரீர் என்றது. பிடி விட்டுப்போய் என் மடியிலேயே சரிந்தான். நின்றுகொண்டு தூக்கியிருந்தால்? 

அடுப்படியில் நின்று நானும் முஷ்டியை மடக்கிச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டரிடம் சொன்னால் முதல் வார்த்தையே 'பிள்ளையைத் தூக்காதே' என்பார். பகலெல்லாம் விட்டுவிட்டுப் போகிறேன். சாயங்காலம் தவழ்ந்து வந்து ரெண்டு கையையும் தூக்குகிறவனை நான் தூக்காவிட்டால், என்னை மறந்துவிடுவானோ என்று பயம். சொல்லக்கூடாது என்று முடிவு செய்தபோது மாமியார் எட்டிப் பார்த்தார். "வெங்காயமே இன்னும் உரிக்கல, அதுக்குள்ள என்னா கண்ணுல தண்ணி?"

தண்ணி ஜாஸ்தி

அந்த வாரம் கிளினிக்குக்கு ராஜேஸ்வரி அக்கா வந்தார். பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனியில் அச்சு வேலை. அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, அது உள்பக்கம் சுவர் மாதிரிப் படிந்ததும் மீதியைக் கவிழ்த்து ஊற்ற வேண்டும். கூழோடு இருக்கிற அச்சு என் பிள்ளை கனம் இருக்கும். நாளெல்லாம் கட்டைவிரலை விரித்துப் பிடித்துக் கவிழ்த்ததில் அதே இடத்தில் அதே வீக்கம். டாக்டர் அரைக்கட்டு போடச் சொன்னார். கையின் ஒரு பக்கத்துக்கு மாவு வைத்து, மேலே துணி சுற்றுவது.

எங்கள் விருத்தாசலம் மாதிரிப் பீங்கான் ஊரில் மாவுக்கட்டு போடுவது கஷ்டம். அவர்களுடைய அச்சும் இதே மாவில்தான் செய்வது. நான் கலக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. பதற்றத்தில், ஈரமாக இருந்த மாவில் என் பெருவிரல் பதிந்து குழியாகிவிட்டது. அக்கா பெருமூச்சு விட்டார். "தண்ணி ஜாஸ்தி சாந்தி. எங்க மேஸ்திரியா இருந்தா இதைக் கொட்டிட்டு வேற கலக்கச் சொல்லுவாரு."

மரியாதைக்கு ஒரு கட்டு

இரண்டு வாரம் கழித்து வந்தார். வலி இம்மியும் குறையவில்லை. டாக்டர் குழம்பிப்போய், இப்படியே போனால் ஊசி போட வேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் ஆபரேஷன் என்றார். அக்கா முகம் சுண்டிப்போனது.

ஒத்தடத்துக்கு உட்காரவைத்து நான் துணியைப் பிரித்தேன். கட்டு அவ்வளவு அழகு! ஓரமெல்லாம் வழித்து உருட்டி, பிசிறில்லாமல், தடவினால் கிண்ணம் மாதிரி. முக்கியமாக, என் பெருவிரல் குழியைக் காணோம். "அக்கா, இது நாங்க போட்ட கட்டு இல்லையே?" என்றேன். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். காலையில் கழற்றி வைத்துவிட்டு அச்சு தூக்கப் போவது, சாயங்காலம் கட்டிக்கொள்வது என்று இருந்திருக்கிறார். "உங்க கட்டு ரெண்டு நாள்ல உடைஞ்சுபோச்சு சாந்தி. வெறுங்கையோட வந்தா டாக்டருக்கு மரியாதையா இருக்குமா? அதான் நானே ஒண்ணு வார்த்துக்கிட்டேன்."

எனக்கு அச்சு, உனக்குப் புள்ள

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிக்கிற கைக்கு ஓய்வு கொடுக்காமல் இருந்தால் மருந்து என்ன செய்யும், இத்தனை நாள் டாக்டரை ஏமாற்றலாமா என்று பொரிந்து தள்ளினேன். பேசிக்கொண்டே மெழுகுச் சட்டியைத் தூக்கப் போனவள், அதன் காது விரலில் பட்டதும் முகம் சுளித்துவிட்டேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டார். நல்ல கையால் என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, டாக்டர் மாதிரியே மெல்லச் சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் பெஞ்சே எழுந்து எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிள்ளை மடியில் சரிந்ததை முதல்முதலாக அவரிடம்தான் சொன்னேன். அக்கா என் கையைத் தடவிக்கொண்டே சொன்னார். "எனக்கு அச்சு, உனக்குப் புள்ள. இதுல யாரு யாரைத் திட்டறது? வா, ரெண்டு பேரும் போயி ஒண்ணா திட்டு வாங்கலாம்."

தூக்காத மூன்று வாரம்

டாக்டர் திட்டவில்லை. ரெண்டு கட்டும் சாயங்காலமே தயாரானது, மாவை அக்காதான் இடது கையால் கலக்கினார். மூன்று வாரம் அச்சும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. பிறகு தூக்கினாலும் அக்குளைப் பிடிக்காமல், முன்கை ரெண்டையும் அடியில் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும் என்றார் டாக்டர். அக்கா மேஸ்திரியிடம் பேசி, சூளையில் வெந்து வந்த பொம்மைகளை இடது கையால் தட்டி விரிசல் பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டார்.

எனக்குத்தான் மாற்று வேலை இல்லை. முதல் நாள் பிள்ளை கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, வீறிட்டு அழுது மாமியாரிடம் போய்விட்டான். மறுநாளிலிருந்து வந்ததும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவேன். நாலாம் நாள் என் சேலையைப் பிடித்து, முட்டியில் ஏறி, தானாகவே மடிக்கு வந்தான்.

மூன்று வாரம் முடிந்து டாக்டர் ரெண்டு பேர் முஷ்டியையும் சாய்த்துப் பார்த்தார். லேசான இழுப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடினேன். முன்கை ரெண்டையும் நீட்டி, அள்ளித் தூக்கக் குனிந்தேன். அவன் கையைத் தூக்கவில்லை. பக்கத்துத் தரையை உள்ளங்கையால் தட்டித் தட்டி என்னையே பார்த்தான். மாமியார் அடுப்படியிலிருந்து சிரித்தார். "உனக்கு எடம் போட்டு வெச்சிருக்கான்டி, உக்காரு மொதல்ல."

கைக்கு ஓய்வு கொடுங்கள் என்று தினமும் பெஞ்சு நிறையப் பேருக்குச் சொல்கிற எனக்கு, அதைக் கொடுக்கவைக்க ஒரு கள்ளக் கட்டுக்காரியும் பல் முளைக்கிற ஒரு பொடியனும் தேவைப்பட்டார்கள் என்பதைத் தயவுசெய்து எங்கள் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.