ஆயுத பூஜையன்று நிறுத்தாத தொட்டி

எட்டாம் வகுப்பை எட்டிப் பார்க்காதவன் நான். ஆனால் எர்ணாவூர்ப் பக்கம் எங்கள் கம்பெனியில் பூசணத் தொட்டியை என்னைவிட நன்றாக ஓட்டிய ஆள் கிடையாது.

அறுபதுகளின் கடைசி. மில் துணியில் ஏறிய கஞ்சியைக் கரைக்க என்சைம் என்று ஒரு சரக்கு. அதைச் சுரப்பது பூசணம். அதுவரை தவிட்டைத் தட்டில் பரப்பி அதில்தான் பூசணத்தை வளர்த்தோம். எங்கள் டாக்டர், ஊசி போடுகிறவர் இல்லை, படிப்பு டாக்டர், பூசணத்தை ஊதா விளக்கில் காட்டிக் காட்டி, கூடுதலாகச் சுரக்கும் ரகமாக மாற்றியிருந்தார். அதை அண்டா அளவுத் தொட்டியில் விட்டோம். ஒருபக்கம் கஞ்சித்தண்ணீர் சொட்டுச்சொட்டாய் உள்ளே, மறுபக்கம் சரக்கு சொட்டுச்சொட்டாய் வெளியே. ஒரு மாசம் நிற்காமல் ஓடினால் பெரிய தொட்டி, இல்லையென்றால் பழையபடி தவிடுதான் என்றுவிட்டார் முதலாளி.

இருபதாம் நாள் ஆயுத பூஜை. டாக்டர் ஊருக்குப் போயிருந்தார். தொட்டி என் பொறுப்பு. மேஸ்திரி வந்தார்.

"காத்து மெஷினை நிறுத்துபா. பூசை முடியற வரைக்கும் எதுவும் ஓடக்கூடாது."

"காத்து நின்னா பூசணம் செத்துடும், மேஸ்திரி."

"மாதா கோயில் ஆளு, உனுக்கு இன்னா தெரியும்? வருசத்துக்கு ஒருநாள் இரும்புக்கு ரெஸ்டு."

"இரும்புக்குக் குடு. உள்ள கீறது உசுரு."

அவர் மசியவில்லை. நானும்தான். கடைசியில் அரைமணி நேரம் மட்டும் நிறுத்தினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

பக்கத்து லாரி ஷெட்டில் ஆறு டயர் டியூப் வாங்கி, புடைக்கக் காற்றடித்து, தொட்டிக்குப் போகும் குழாயில் மாட்டினேன். குழாயில் பஞ்சு அடைத்திருக்கும். அதன் வழியே போனால்தான் வேற்றுக் கிருமி உள்ளே ஏறாது. சுவிட்ச் அணைந்ததும் முதல் டியூபைத் திறந்தேன். சீக்கிரமே தொய்ந்தது.

"ஏறிக் குந்துங்க மாமு!" என்றேன், ராயபுரத்திலிருந்து என்னோடு வேலைக்கு வரும் மூன்று தோஸ்துகளிடம்.

"கல்யாண மாப்ள மாரி குந்த வெச்சிட்டியே நைனா" என்றான் ஒருத்தன்.

அங்கே பூசை மணி, இங்கே இவர்கள் அமுக்கல். தொட்டியைக் கலக்கும் மோட்டாரும் நின்றதால் அதன் பெல்ட்டை நான் கையால் சுற்றினேன். தோள் கழன்றது. தொட்டியின் பார்வைக் கண்ணாடிக்குள் குமிழி மட்டும் நிற்கவில்லை.

கற்பூரத் தட்டோடு வந்த மேஸ்திரி குமிழியையே பார்த்தார். பிறகு ஆறு டியூபுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து, சொட்டும் சரக்கைக் கஞ்சியில் கலந்து, கொஞ்சம் பொறுத்து அயோடின் விட்டார். நீலம் ஏறினால் கஞ்சி கரையவில்லை, பூசணம் போச்சு என்று அர்த்தம். ஏறவில்லை.

முப்பது நாளும் ஓட்டினேன். பெரிய தொட்டி வந்தது. அதன் காற்று வால்வை முதலில் திறந்தவர் முதலாளி இல்லை. நான்.