கவிழ்த்து வைத்த கிளாஸ்

“...நாலு பேரும் அப்பிடித்தான் போனவை, நான் ஒருத்திதான் மிச்சம், இந்த வீட்டுக்குள்ளை பியர் வரக்கூடாதெண்டு சொன்னனானா இல்லையா?” என்று வீட்டுக்காரி கிளாரா எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினாள். என் மனைவி றெஜினாவின் கையில் தீப்பெட்டி. என் கை கதவுப் பிடியில். சாப்பாட்டறை மேசையில் இருந்ததை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் இப்படிக் கதைகளுக்குச் சிரித்தவன்தான். மன்னாரில் சண்டைக்குள் வளர்ந்து, உயிரோடிருக்கிற மனிதருக்குப் பயந்து ஓடி வந்தவனுக்குச் செத்தவர்களிடம் என்ன பயம்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒஸ்லோவில் நவம்பரில் பின்னேரம் நாலரைக்கே எல்லாம் இருண்டுவிடும், அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் மனிதருக்கு இடமே இருக்காது என்று பகிடி விடுவேன்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில் நடந்தது. நாங்கள் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், குரோருட்டில் இருந்தோம். சனிக்கிழமைகளில் இரண்டு பேருமாகச் சுரங்க ரயில் ஏறி, நகரத்தின் மேற்குப் பக்கத்துப் பணக்கார வீடுகளைத் துப்புரவாக்கப் போவோம். அதில் ஒன்று கிளாராவின் வீடு. எண்பதை நெருங்கிய அமெரிக்கக்காரி. நோர்வேக் கப்பல்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து, அவரையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியே இருந்தாள். நோர்வேஜிய மொழியை அமெரிக்க நாக்கால் மென்று துப்புவாள். நல்ல சொல் ஒன்று அந்த வாயில் வந்து நான் கேட்டதில்லை.

முதல் நாளே சண்டை. றெஜினா கிளாஸ்களைக் கழுவி, துணி விரித்து, நாங்கள் எல்லோரும் செய்கிற மாதிரிக் கவிழ்த்து வைத்தாள். கிளாரா வந்து பார்த்தாள். ஊன்றுகோலால் ஒரே வீச்சு, ஐந்தாறு கிளாஸ் நிலத்தில் நொறுங்கியது. “இந்த வீட்டிலை கிளாஸ் நிமிர்ந்துதான் நிக்கும்!”

“மனிசிக்கு விசர்,” என்றேன் நான்.

“விசர் இல்லையப்பா, பயம்,” என்றாள் றெஜினா. அவளுக்கு ஆட்களின் முகம் வாசிக்கத் தெரியும்.

காரணம் பிறகு அவளே சொல்லித்தான் தெரிந்தது. கிளாராவின் பாட்டனார் ஜெர்மனியில் இருந்து போய், அமெரிக்காவில் ஆற்றோரத்து நகரம் ஒன்றில் நிலத்துக்குக் கீழே இருந்த குகைகளில் பியரைப் பதப்படுத்திப் பெரும் பணக்காரர் ஆனவராம். காலையில் புதுப் பீப்பாவில் இருந்து ஒரு கிளாஸ் அவர் முன்னால் வரும். மோதிரத்தால் கிளாசில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குடிப்பார். நல்லதென்றால் கிளாசைக் கவிழ்த்து வைப்பார். பழுதென்றால் நிமிர்த்தி வைப்பார், அந்தப் பீப்பா முழுவதும் ஆற்றுக்குப் போகும். பிள்ளைகளுக்கும் அதே பழக்கம். பிறகு அருமை மகன் ஒருவன் இறந்த துக்கத்தில் பாட்டனார் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பியரைச் சட்டம் தடை செய்து, ஆலை இரும்பு விலைக்குப் போனபோது கிளாராவின் தகப்பனார். அதன்பின் மாமி, அதன்பின் அண்ணன். எல்லோரும் தங்கள் கையாலேயே, அந்த ஒரே வீட்டில். ஒவ்வொருவர் பக்கத்திலும் வெறும் கிளாஸ் ஒன்று கவிழ்ந்திருந்ததாம்.

குடி குடியைக் கெடுக்கும் என்பது குடிக்கிறவனுக்குச் சொன்னது. காய்ச்சிறவன் வீட்டையும் அது விடாது போல.

அந்த வீட்டில் இருந்து கிளாராவிடம் வந்தவை மூன்று: பாட்டனாரின் படம், சாப்பாட்டறை மேசை, அவள் விரலில் இருந்த அவருடைய மோதிரம். அந்த இலையுதிர் காலத்தில் அவள் சாப்பாட்டை விட்டுவிட்டாள். சாப்பாட்டறையில் மோதிரத் தட்டுக் கேட்கிறது என்பாள். “என்ரை முறை வந்திட்டுது, கூப்பிடினம்.” திட்டுவதையும் குறைத்துவிட்டாள். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மரித்தோர் நாளை ஒட்டிய சனிக்கிழமை வந்தது. “இஞ்சாருங்கோ,” என்றாள் றெஜினா, “விடாயோடை நிக்கிற ஆத்துமங்கள். ஒரு கிளாஸ் பியர் வைச்சு, மெழுகுதிரி கொளுத்தி, ஒரு செபம் சொல்லுவம். குடிச்சிட்டுப் போகட்டும், மனிசியை விடட்டும்.”

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. பேசாமல் இரும்.”

“படைச்ச பிறகு நீங்கள்தான் குடிக்கப் போறியள், வாங்கிக்கொண்டு வாங்கோ.”

வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் பங்குச் சுவாமியார் கேள்விப்பட்டால் ஏசுவார். ஆனாலும் ஊரில் வேதக்காரரான கிறிஸ்தவரும் சைவக்காரரும் மறைவாகச் செய்கிறதுதானே. கிளாரா மேல்மாடியில் மத்தியான நித்திரை. பாட்டனாரின் படத்துக்கு முன்னால் மேசையின் வெள்ளை விரிப்பில் நிறைந்த கிளாஸ், பக்கத்தில் போத்தலில் மிச்சம், ஒரு மெழுகுதிரி. படைத்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும், திரும்ப உள்ளே போகும்போது தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும், அது முறை. சாத்தினோம். றெஜினா ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். நான் பகிடியாகக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

நம்பினால் நம்புங்கள். மரத்தில் தட்டிய சத்தமில்லை, கண்ணாடியில் மோதிரம் பட்ட சத்தம். றெஜினா என் சட்டையைப் பிடித்தாள். பின்னால் படியில் கிளாரா நின்றாள், மோதிரம் அவள் விரலில்தான் இருந்தது. நான் கதவைத் திறந்தேன். கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் குளிர், புளித்த மாவின் மணம். மெழுகுதிரி அணைந்திருந்தது. கிளாஸ் வெறுமையாகக் கவிழ்ந்திருந்தது, விரிப்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மேசையின் தலைமாட்டில் உள்ளே தள்ளி வைத்திருந்த கதிரை, ஒருவர் வந்து இருக்கிற அளவுக்கு வெளியே இழுபட்டிருந்தது. அது யாருக்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அப்போதுதான் அவள் கத்தினாள்.

கிளாரா அதற்குப் பிறகும் பல வருடம் இருந்து, எங்களைத் திட்டித் தீர்த்து, கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதுமையில்தான் போனாள். எங்கள் குசினியில் இன்றைக்கும் கிளாஸ்கள் நிமிர்ந்துதான் நிற்கின்றன. சில ஞாயிறுகளில் பூசை முடிந்து வந்து பார்த்தால் ஒன்று மட்டும் கவிழ்ந்திருக்கும். நான் றெஜினாவைக் கேட்பதில்லை, றெஜினா என்னைக் கேட்பதில்லை.

அன்றைக்குக் கத்திவிட்டு என்ன செய்தாள் என்றுதானே கேட்கிறீர்கள்? எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே கிளாசை நிமிர்த்தி, போத்தலில் மிச்சம் இருந்ததை ஊற்றி, மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு வாய் குடித்தாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை விரிப்பில் துப்பினாள். “பழுது,” என்று சொல்லி, கிளாசை நிமிர்த்தியபடியே மேசையில் அடித்து வைத்துவிட்டு, அந்தக் கதிரையை இரண்டு கையாலும் உள்ளே தள்ளினாள்.