பரீட்சகரிடம் நான் கேட்ட கேள்வி

போன வருடம் புதுக்குடியிருப்பில், வளர்ந்த ஆட்களுக்கென்று நடந்த ஆங்கில வகுப்பில் நானும் போய்ச் சேர்ந்தேன். லண்டனில் இருக்கும் கணவரிடம் போக விசா வேண்டும். விசாவுக்கு ஆங்கிலம் பேசிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கொழும்புக்குப் போய், பரீட்சகர் முன்னால் ஊமை மாதிரி இருந்துவிட்டுப் பெயிலாகி வந்தவள் நான். கட்டின மனுசனை எத்தனை காலம்தான் போனில் பார்த்துக்கொண்டிருப்பது!

ரீச்சர் எங்கள் எல்லோரையும் விட வயது குறைந்தவர். ஆங்கிலம் பேசும் சனம் எப்படி வாழ்கிறது, எப்படிப் பழகுகிறது என்பதிலிருந்துதான் பாடத்தைத் தொடங்குவார். வெள்ளைக்காரர் ஒருவரையொருவர் கண்டால் மழை, குளிர் பற்றித்தான் கதை தொடங்குவார்கள் என்றார் ஒருநாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வெயிலைப் பற்றிக் கதைக்க என்ன கிடக்கிறது? நாங்கள் சாப்பிட்டாச்சோ என்றல்லவா கேட்போம். அதை ஏன் கேட்கிறீர்கள் என்று ரீச்சர் திருப்பிக் கேட்டார். கொக்கிளாயிலிருந்து பஸ் பிடித்து வரும் மீன்பிடிக்காரர் ஒருவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"இல்லையெண்டு சொன்னா அந்த ஆளுக்கு ஏதாவது குடுக்கவேணும், ரீச்சர். முகாமில இருக்கேக்க நாங்கள் ஒருத்தரையும் அப்பிடிக் கேக்கேல்லை."

எங்களில் அநேகம் பேர், யுத்தம் முடிந்த கையோடு எங்களை அடைத்துவைத்திருந்த அந்த முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றவர்கள்தான். ரீச்சர் சாப்பிட்டாச்சோ என்ற கேள்வியை ஆங்கிலத்தில் பலகையில் எழுதினார். ஆனால் பரீட்சையில் கேட்டுவிடாதீர்கள், அவர்களிடம் அந்த வழக்கம் இல்லை என்றும் சொல்லிவைத்தார்.

மறுபடி கொழும்பு. மத்தியானம் தாண்டித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பரீட்சகர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. காலையிலிருந்து கேள்வி கேட்டுக் களைத்த முகம். பெயர் சொன்னேன், ஊர் சொன்னேன். அதோடு பாடமாக்கியது அத்தனையும் பறந்துவிட்டது. இந்த முறையும் போச்சு என்று கண் கலங்கியது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேனா, என் வாய் என்னைக் கேளாமலே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டது: சாப்பிட்டீங்களோ?

பாழாய்ப்போன வாய்! அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தபடி, இன்னும் இல்லை என்றார். இல்லை என்று சொன்ன ஆளைச் சும்மா விடலாமோ? வெளியே என் பையில் எள்ளுப்பாகு இருக்கிறது, தருகிறேன் என்றேன். அது என்னவென்று கேட்டார். எள்ளை வறுப்பது, சர்க்கரை போட்டு இடிப்பது, உருட்டுவது என்று உடைந்த ஆங்கிலத்தில் தொடங்கியவள், நேரம் முடிந்தது என்று அவரே சொல்லும்வரை நிறுத்தவில்லை. பாஸ்!

என் கணவரும் தினமும் போனை எடுத்தவுடன் சாப்பிட்டாச்சோ என்றுதான் கேட்பார். இந்த மனுசனுக்கு வேறு கதையே இல்லையோ என்று எரிச்சலோடு ஓம் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். முடிவு வந்த அன்றும் அதையே கேட்டார். நான் பாஸான கதையைப் பிறகு சொல்லலாமென்று வைத்துவிட்டு, சோறு, மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு பிடி சோறுகூட எடுத்து நீட்ட முடியாத தூரத்தில் இருந்துகொண்டு, இத்தனை வருடமும் அதைக் கேட்பதை விடாத மனிதருக்கு, வெறும் ஓம் மட்டும் சொல்ல இப்போதெல்லாம் எனக்கு மனம் வருவதில்லை.