டெய்சி போட்ட ஐந்து குட்டிகள்

டெட்டால் நெடியும் புளித்த பால் வாடையும் ஈரச் சாக்கின் மக்கலும் ஒன்றாகக் கலந்தால் எப்படி மணக்குமோ, அந்த மணம்தான் எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறை முழுக்க எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் வாடகை வீடு. நிலக்கரி லாரிகள் போகிற வழி என்பதால், கொடியில் காயும் துணியை மதியத்துக்குள் எடுக்காவிட்டால் கரி படிந்துவிடும். அந்தத் தெருவில்தான் என் அப்பா ஒரு வெள்ளை நாயை வளர்த்தார்.

கோயம்புத்தூரிலிருந்து அத்தை ரயிலில் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த பொமரேனியன் அது. பெயர் டெய்சி. தெருவில் எல்லோரும் "சடை நாய்" என்பார்கள். அப்பா "பொமரேனியன்னு சொல்லுங்க" என்று திருத்துவார். அவர் நாசரேத்துப் பக்கத்துக்காரர், திருச்சபைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். சலவைச் சட்டையும் கையில் சங்கிலியுமாகச் சாயங்காலம் அவர் டெய்சியோடு நடந்து போவதைப் பார்த்தால், ஏதோ தற்காலிகமாக இந்தத் தெருவில் தங்கியிருக்கும் மனிதர் போலத் தோன்றும். சனிக்கிழமை தோறும் நானும் அம்மாவும் டெய்சியைக் குளிப்பாட்டுவோம். அலசிய தண்ணீர் கறுப்பாக ஓடும்.

முதல் தடுப்பூசிக்குப் போன அன்றே, அரசு கால்நடை மருத்துவமனையிலிருந்த பெண் டாக்டர், "குட்டி வேணும்னு எண்ணம் இல்லைன்னா ஆபரேஷன் பண்ணிருங்க சார்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், "கர்த்தர் படைச்சு வச்சதுல நாம எதுக்குக் கத்தி வைக்கணும்" என்றார். எங்கள் வீட்டில் அவர் கர்த்தரைப் பேச்சுக்குள் இழுத்துவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது.

டெய்சி பருவத்துக்கு வந்தபோது அவளைப் பின்கட்டில் கட்டிப்போட்டோம். நான்கைந்து நாள் கழித்து, ஒரு மதியம், அவள் கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நாங்கள் பார்த்தபோது எதிர்வீட்டுச் சுவரோரம் செம்பட்டை நிறத் தெரு நாயோடு பிரிய முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். பையன்கள் கல்லெறிந்தார்கள், யாரோ தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்பா ஜன்னலைச் சாத்தினார். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இதைப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேசப்படாது" என்றார்.

அப்படியே யாரும் பேசவில்லை. மறுநாளே டாக்டரிடம் போயிருக்கலாம். மூன்று வாரம் கழித்து, அப்பா பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா என்னையும் டெய்சியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அம்மா தனியாக எடுத்த முடிவு என்று என் நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

டாக்டர் டெய்சியின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, சினைதான் என்றார். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "பயப்படாதீங்க" என்ற டாக்டர், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்துவிட்டுச் சொன்னார். "இந்த வாரமே கூட்டிட்டு வந்தா கர்ப்பப்பையோட எடுத்துடலாம். அவளுக்கும் பெரிய சிரமம் இல்லை, இனிமே இந்தப் பிரச்சினையும் வராது. மனசு வரலையா, போடட்டும். ஆனா போடப்போற ஒவ்வொரு குட்டிக்கும் எந்த வீடுன்னு இப்பவே பார்த்து வைங்க. எட்டு வாரம் தாய்கிட்ட இருக்கணும். பால் நின்னதும் இவளுக்கு ஆபரேஷன். ரெண்டுல எதைச் செஞ்சாலும் தப்பில்லைம்மா. ஒண்ணும் செய்யாம விடுறதுதான் தப்பு."

"அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றாள் அம்மா.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள். அப்பாவுக்கு அவள் கேட்காமல் போனதுதான் முதலில் கோபம். அது ஆறியதும் அவர் யோசிக்க ஆரம்பித்தார். அவர் பள்ளியில் தலைமையாசிரியர் அந்த மே மாதத்தோடு ஓய்வு பெற இருந்தார். அந்த இடத்துக்கு யார் என்பதைத் தீர்மானிக்கப் போவது பள்ளியின் தாளாளரும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும். தாளாளரின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "உங்க பொமரேனியன் குட்டி போட்டா எங்களுக்கு ஒண்ணு" என்று கேட்டிருந்தார்.

"அப்பன் எதுன்னு தெருவுக்கே தெரியும்" என்றாள் அம்மா.

"தெருவுக்குத் தெரிஞ்சா என்ன? தாளாளர் வீட்டுக்குத் தெரியாதுல்லா."

ஏப்ரலில் டெய்சி மாடிப்படிக்கு அடியில் ஐந்து குட்டிகள் போட்டாள். நான்கு வெள்ளை, ஒன்று செவலை. அப்பா குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். செவலைக் குட்டியை மட்டும் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னார்.

கமிட்டி கூடும் நாள் நெருங்கியதால் ஐந்தாவது வாரமே குட்டிகளைப் பிரித்தார்கள். டாக்டர் எட்டு வாரம் சொன்னார் என்று நான் சொன்னேன். "டாக்டரம்மாவுக்கு ஆயிரம் வேலை, நாலு புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுவாங்க" என்றார் அப்பா. வெள்ளைக் குட்டிகளுக்கு ரிப்பன் கட்டுவது என் வேலை. செவலையை என்னோடு படித்த செல்விக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அவள் அம்மா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். "அளத்துக்காரங்களுக்கு எதுன்னாலும் சரிதான்" என்றார்.

தாளாளர் வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். வழியில், ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, நான் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். தாளாளரின் மனைவி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா நாயும் பொமரேனியன்தானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆமா ஆன்ட்டி, கோயம்புத்தூர்ல அத்தை வீட்டுல இருக்கு" என்றேன். என் தலையைத் தடவிக் கொடுத்து, பிளம் கேக் ஒரு துண்டு தந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் வீட்டிலும் அப்பா சொல்லித்தராமலே சொன்னேன்.

ஜூன் மாதம் அப்பா தலைமையாசிரியர் ஆனார். குட்டிகளால்தான் ஆனார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் நல்ல ஆசிரியர். குட்டிகள் இல்லாமலும் ஆகியிருப்பார். அதை நினைக்கும்போதுதான் கசப்பு இன்னும் கூடுகிறது.

நான்கில் ஒன்று, போன வீட்டில் இரண்டே வாரத்தில் இரத்தக் கழிச்சல் கண்டு இறந்துபோனது. அவ்வளவு சீக்கிரம் பிரித்த குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும் என்று பிறகு டாக்டர்தான் அம்மாவிடம் சொன்னார். மற்ற மூன்றும் வளர்ந்தன. வளர்ந்ததுதான் தொந்தரவு. கால் நீண்டது, புசுபுசு மயிர் உதிர்ந்து கட்டை மயிர் வந்தது, முதுகில் செம்மண் நிறம் ஏறியது, தெருவில் பார்க்கிற எந்த நாயைப் போலவும் ஆகிவிட்டன.

செப்டம்பரில் ஒரு நாள் தாளாளர் வீட்டு டிரைவர் காரில் வந்து இறங்கி, ஒரு நாயை எங்கள் கேட்டில் கட்டினார். "அம்மா விட்டுட்டு வரச் சொன்னாங்க சார்."

"ஏதும் சொன்னாங்களா?" என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்லல சார். கட்டிட்டு வந்துருன்னாங்க, அவ்வளவுதான்."

அடுத்த வாரம் இன்னொன்று, இன்னொரு கமிட்டிக்காரர் வீட்டிலிருந்து, சாக்கில் கட்டி ஆட்டோவில் வந்தது. மூன்றாவதைச் சாயர்புரத்துக் கமிட்டிக்காரர் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அதே நேரத்தில் டெய்சி மறுபடியும் பருவத்துக்கு வந்தாள். பால் நின்றதும் செய்ய வேண்டிய ஆபரேஷன் செய்யப்படவே இல்லை. அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள், அப்பா "பார்ப்போம்" என்றார். தலைமையாசிரியர் வீட்டு வாசலில் பகலெல்லாம் ஏழெட்டு நாய்கள் கிடந்தன. பிள்ளைகள் விஷயமாக அப்பாவைப் பார்க்க வந்த பெற்றோர் அவற்றைத் தாண்டி உள்ளே வந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. டெய்சியின் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"கொற்கைப் பக்கம் தெரிஞ்சவங்க தோட்டத்துல மூணையும் காவலுக்கு விட்டிருக்கேன்" என்றார் அப்பா. "நல்ல இடம், தண்ணி உண்டு."

"எப்பப்பா பார்க்கப் போலாம்?"

"அடுத்த ஞாயிறு போலாம்ளா."

நான்கு ஞாயிறு போனது. ஐந்தாவது வாரம் செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். செவலை என்னை மோந்து பார்த்துவிட்டு வாலாட்டியது. அதன் வயிற்றில் தையல் தழும்பு இருந்தது. என்ன என்று கேட்டேன். செல்வியின் அம்மா, உப்பு அரித்த கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர், "பொட்டக் குட்டியால்லா குடுத்திய. ஒரு நாள் வேலைக்குப் போகாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தேன். டாக்டரம்மா சொன்னாவ, இல்லன்னா வருசத்துக்கு ரெண்டு தடவ பெத்துப் போடும்னு. பெத்துப் போட்டா நான் எங்க கொண்டு வைக்க?" என்றார். பிறகு என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பாப்பா, ஒங்க சடை நாயி வீட்டுல இருக்கா?" என்று கேட்டார்.

"கொற்கையில ஒரு தோட்டத்துல இருக்கு."

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி குனிந்துகொண்டாள். "அப்படின்னா அது வேற நாயா இருக்கும்" என்றார். எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார். ஆனால் என்னால் விட முடியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் சொன்னார். துறைமுகத்தைத் தாண்டி அளத்துக்குப் போகிற பாதையில் ஒரு வேன் வந்து மூன்று நாய்களை இறக்கிவிட்டுப் போனதாம். இரண்டு இளங்குட்டிகள் மீன் கழிவு கொட்டுகிற பக்கம் ஓடிவிட்டன. சடை நாய் மட்டும் வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு ரோட்டு ஓரத்திலேயே நின்றதாம். இவர் சாப்பாட்டுத் தூக்கிலிருந்து சோறு வைத்திருக்கிறார், தின்னவில்லை. மூன்றாம் நாள் காலையில் லாரி அடித்துக் கிடந்தது. "நாந்தான் இழுத்து ஓரமாப் போட்டு மண்ணத் தள்ளினேன். ஒங்க வீட்டு நாயின்னு அப்பவே தெரியும். வந்து சொல்லணும்னு நெனச்சேன். என்னன்னு வந்து சொல்ல?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பாமல் அடுப்பைத் தணித்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தட்டைக் கழுவிக் கவிழ்த்தவள் அவள்தானே. "அப்பாகிட்ட கேக்காத" என்று மட்டும் சொன்னாள். நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதன் பிறகு நாய் வளர்க்கவும் இல்லை.

இப்போது நான் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்கள் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அலுவலக வேன் தினமும் அந்தப் பக்கம்தான் போகிறது. அளத்துப் பாதை இல்லை. அந்த இடத்தில் அகலமான சாலையும் கன்டெய்னர்கள் அடுக்கிய மதில்களும் இருக்கின்றன. செல்வியின் அம்மா வேலை பார்த்த பாத்திகளை மேடாக்கிவிட்டார்கள். செல்வி திருப்பூருக்குப் போய்விட்டாள், அவள் அம்மா இறந்துவிட்டார். என் அம்மாவும் இல்லை. டெய்சியைப் புதைத்த இடத்தை இனி யாராலும் காட்ட முடியாது. இறக்கிவிட்ட இடத்தைக் காட்டக்கூடியவர் ஒருவர் மட்டும் இருக்கிறார்.

போன வருடம் ஒரு சாயங்காலம் அவரிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எழுபத்தாறு வயது. பழைய மாணவர்கள் இன்றும் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். "அப்பா, டெய்சியை எந்த இடத்துல விட்டீங்க?" என்றேன்.

செய்தித்தாளை இறக்காமல், "அதான் அப்பவே சொன்னேம்லா, கொற்கையில தோட்டத்துலன்னு" என்றார்.

 பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு என்றார்.