உங்களுக்கில்லை, அண்ணை

சுவிஸில், பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றின் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்குள்ள தமிழ் ஆட்களுக்கு விதிகளில் சந்தேகம் வந்தால் மேலதிகாரியிடம் போகமாட்டார்கள், என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு வருடம் எங்கள் பென்சன்காஸ, அதாவது வேலையாட்களின் ஓய்வூதிய நிதி, ஒரு விதியை மாற்றியது. பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் இருவரும் கையெழுத்திட்ட படிவம், இருவரும் உயிரோடு இருக்கும்போதே நிதிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஜனவரியிலிருந்து நடைமுறை. அறிவித்தலையும் படிவத்தையும் நேரத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஜெர்மன் கடிதமும் பிரெஞ்சுக் கடிதமும் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு கிழமை இழுபட்டது. எப்படியோ நவம்பருக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, ஒரு நாளும் பிந்தவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு மதியம், பொருத்தும் பகுதியில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசைக்கு வந்தார். கையில் அந்தக் கடித உறை.

"தங்கச்சி, இது நாங்களும் குடுக்க வேணுமோ?"

நான் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிரித்தேன். "உங்களுக்கில்லை, அண்ணை. இது கலியாணம் கட்டாமல் சேர்ந்திருக்கிற ஆக்களுக்கு. நீங்கள் தாலி கட்டேக்கை நான் பக்கத்திலை நிண்டனான், மறந்துபோனியளோ?"

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "ஓம் ஓம், அதுதானே. இவள்தான் கேட்டுக்கொண்டு வரச் சொன்னவள்" என்று உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மண்டபம் நிறைந்த சனத்தோடு அட்சதை போட்டவள் நான். ஊரிலிருந்து பத்திரங்கள் வந்துசேராததால் பதிவைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டதும் எனக்குத் தெரியும். பிறகு அவர்களும் மறந்தார்கள், நானும் மறந்தேன். கணினியில் அவர் 'திருமணமாகாதவர்'. அதனால்தான் அந்தக் கடிதமே அவருக்குப் போயிருந்தது. இதை யோசிக்க ஒரு நிமிஷம் போதும். நான் யோசிக்கவில்லை.

பெப்ரவரியில், வேலைக்குச் சைக்கிளில் வரும் வழியில் அண்ணை மாரடைப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

செத்தவீடு முடிந்து சில கிழமைகளில் அவருடைய மனைவி என் அலுவலகத்துக்கு வந்தார். நிதியிலிருந்து மறுப்புக் கடிதம் போயிருந்தது. அதோடு கலியாண ஆல்பத்தையும் கொண்டுவந்திருந்தார். தாலி கட்டும் படத்தில் விரலை வைத்தார். பின்னால் நான், வாயெல்லாம் பல்லாக.

"நீயும் நிண்டனீதானே, பிள்ளை. நாங்கள் கட்டினதெண்டு ஒருக்கால் எழுதித் தாவன்."

ஐயர் நடத்திய கலியாணம் இங்கே கலியாணமில்லை என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

அக்கா அழவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து அந்த உறையை எடுத்தார். உள்ளே படிவம், எல்லாப் பெட்டிகளும் நிரப்பியபடி. இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தார்கள். திகதி, அவர் என் மேசைக்கு வந்த நாளுக்கு முதல் நாள்.

"அண்டைக்கே உன்னட்டைத் தரத்தான் கொண்டுவந்தவர். தேவையில்லையெண்டு நீ சொன்னதாலை திருப்பிக் கொண்டுவந்திட்டார்." அவர் குரலில் கோபமே இல்லை. "இப்ப தந்தால் எடுப்பினமோ?"