இரண்டு தட்டு

டெல்மர் ஸ்லோன் எந்த வாசலிலும் நின்று, நிலையின் மேல்சட்டத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காது கொடுத்த பிறகுதான் உள்ளே போவார். தேவாலயமோ மருந்துக்கடையோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். கென்டக்கி மலைக்கடியில் ஆயுசில் பாதியை நிலக்கரி வெட்டிக் கழித்தவர். அங்கே சுரங்கக் கூரை இடிந்து விழுமா என்று தட்டிப் பார்க்காமல் ஒருவரும் அடியெடுத்து வைப்பதில்லை. "கணீர்னு கேட்டா போ. பொத்துனு கேட்டா ஓடு. அவ்வளவுதான் அம்மாடி என் படிப்பு" என்பார் மகள் ரெனாவிடம்.

கூரை அவரை ஒன்றும் செய்யவில்லை. நுரையீரலில் படிந்த நிலக்கரித் தூசிதான் செய்தது. இப்போது மூக்கில் குழாய், பின்னால் சின்னச் சக்கர வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டர். அதற்கு அவர் வைத்த பெயர் மாப்பிள்ளை. "போற எடமெல்லாம் கூடவே வர்றான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. இந்த மாதிரி ஒருத்தனப் பாரு" என்று மகளைச் சீண்டுவார். கோலா புட்டிக்குள் வறுத்த வேர்க்கடலையைக் கொட்டிக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. ஒரு மிடறு குடிப்பார். மூச்சு திரும்பி வரும்வரை புட்டியை மடியில் வைத்துக் காத்திருப்பார்.

சிலிண்டர் மாற்றுவது, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவது, ராத்திரி அவர் மூச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுப்பது, எல்லாமே ரெனாதான். வீட்டில் வேறு ஆளில்லை. அதனால்தான் பல்கலைக்கழகத்தின் சிறந்த மாணவர் கழகம் அவளைச் சேர்த்துக்கொண்டு, தொலைதூர நகரத்தில் மேற்படிப்புக்கு உதவித்தொகையும் அறிவித்தபோது அவளால் சிரிக்க முடியவில்லை. மேடையில் 'ஏற்கிறாயா?' என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்வதாக முடிவு செய்திருந்தாள். அது அப்பாவுக்காகவா, அந்த நகரத்தை நினைத்தாலே வரும் தன் பயத்துக்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"என்ன, ஊருக்குப் போக இன்னும் பெட்டி வாங்கலயா?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"விழா முடியட்டும்ப்பா."

அவர் புட்டியைக் குலுக்கி, அடியில் தங்கிய கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழாவுக்குச் சாவு வீட்டுக்கென்று வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அரங்க வாசலில் விட்னி என்ற மாணவி பதறிப்போய் வழிமறித்தாள். "ஐயா, உள்ள எல்லாரும் மெழுகுவத்தி ஏத்துவாங்க. சிலிண்டரோட போனா ஆபத்து..."

ஒருவர் சுடரிலிருந்து அடுத்தவர் ஏற்றிக்கொள்வது அந்தக் கழகத்தின் வழக்கம். தினமும் சிலிண்டர் மாற்றுகிற ரெனாவுக்கே அது தோன்றியிருக்கவில்லை.

"நெருப்பு வேணாம்னு சொல்லிப் பாக்கறேன்ப்பா."

"ஏன், என் ஒருத்தனுக்காக அத்தனை பிள்ளைங்களையும் இருட்டுல நிக்க வைக்கவா? போ. நானும் மாப்பிள்ளையும் வெளிய உக்காந்து உன்னப் பத்தி வம்பு பேசிக்கிட்டிருக்கோம்."

விளக்குகள் அணைந்தன. பக்கத்தில் நின்ற பையனிடமிருந்து சுடர் அவள் கைக்கு வந்தது. முன்வரிசைகளில் அப்பாக்களும் அம்மாக்களும் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"ரெனா ஸ்லோன், இந்த உதவித்தொகையை ஏற்கிறாயா?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்திருந்தது. அப்போது பின்கதவு திறந்தது. தாழ்வார வெளிச்சத்தில் அவர் நின்றார். மூக்கில் குழாய் இல்லை. மாப்பிள்ளையும் இல்லை. உதடுகள் சாம்பல் பூத்திருந்தன. கையை உயர்த்தி நிலையை இரண்டு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

கணீரென்று கேட்டதா, பொத்தென்று கேட்டதா? அந்தச் சத்தம் மேடைவரை வரவில்லை.

அவர் ஒரு கையால் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவளை நோக்கி நீட்டி, 'போ போ' என்று காற்றைத் தள்ளினார்.